படம் நம்மைத் தேடி வந்த வரலாறு

சென்னையிலிருந்து தில்லிக்குப் புகைவண்டியில் சென்றவர்கள், அதிலும் சன்னலோரத்து இருக்கை கிடைக்கப்பெற்றவர்கள், ஒரு காட்சியை நன்கு அறிவார்கள். நாகபுரியைக் கடந்து இட்டார்சியை நோக்கிச் சத்புரா மலைகளினூடே வண்டி செல்லும்போது, பாதையை ஒட்டிய கம்பங்கள் கண் இமைப்பதற்குள் பின்னோக்கி ஓடி மறைகின்றன. அவற்றுக்கு அப்பாலுள்ள மரங்கள் சற்று நிதானமாகப் பின்செல்கின்றன. மரங்களுக்கும் அப்பால் நிற்கும் குன்றுகளோ நகர்வது தெரியாமல் நகர்கின்றன. வானத்து நிலவு நம்முடன் கூடவே வருகிறது. ஏதோ ஒரு காரணத்தால் காட்டின் நடுவே வண்டி நின்றுவிட்டால், இந்த அடுக்குகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பசுந்திரையாகி விடுகின்றன. எந்தக் கிளை எந்த மரத்தினது என்றுகூடச் சொல்ல இயலுவதில்லை. வண்டி மீண்டும் நகரத் தொடங்கியதும் மரம் வேறு, குன்று வேறு என்று பிரிந்து நிற்கின்றன.

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து வாழும் நம்மில் பலருக்கு இது பழகிப்போன காட்சி. பழகியதனாலேயே அதன் பொருளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உலகத்தின் ஆழத்தை, அதாவது எது அருகே உள்ளது, எது தொலைவில் உள்ளது என்பதை, நமக்கு உணர்த்துவது கண் மட்டுமன்று. நமது அசைவும் ஆகும். நாம் இடம் மாறும்போது அருகிலுள்ளவை மிகுதியாகவும் தொலைவிலுள்ளவை குறைவாகவும் இடம் மாறுவதுபோல் தோன்றுகின்றன. இதனை அறிவியலார் இடமாறு தோற்றம் என்பர்.

இந்த எளிய உண்மையைப் படத்துக்குள் கொண்டுவர மனிதனுக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஆயின. தட்டையான ஒரு திரை, தன்னைப் பார்ப்பவருடைய தலை எங்கே இருக்கிறது என்பதை அறிந்துகொண்டு, தலை அசையுந்தோறும் தன் காட்சியையும் மாற்றிக்கொள்கிறது. அதனால் கண்ணாடிக்கு அப்பால் உண்மையாகவே ஓர் அறை இருப்பதுபோல் தோன்றுகிறது. இத்தகைய திரை ஆய்வுக்கூடத்தில் பிறந்து, பெருஞ்செல்வர்க்கு மட்டுமே உரியதாய் நெடுங்காலம் இருந்து, பின்னர் ஒரு விளையாட்டுக் கருவியின் வழியே எளியவர் கைக்கு வந்தது. அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில், 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புரூனலெஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் ஒரு விந்தையான பலகையைச் செய்தார். அந்நகரின் பேராலயத்துக்கு எதிரே எண்கோண வடிவிலான திருமுழுக்கு மண்டபம் ஒன்று உண்டு. பேராலயத்து வாயிலின் உட்புறம் நின்று பார்த்தால் அம்மண்டபம் எவ்வாறு தோன்றுமோ, அவ்வாறே அதனைச் சிறு பலகையில் அவர் தீட்டினார். பின்னர் அப்பலகையின் நடுவே ஒரு துளையிட்டார். வண்ணம் தீட்டிய பக்கத்தில் அத்துளை ஒரு பருப்பளவே இருந்தது. பார்ப்பவர் பலகையின் பின்புறத்தில் கண்ணை வைத்து, மறு கையில் ஒரு கண்ணாடியைப் பிடித்து, கண்ணாடியில் தெரியும் ஓவியத்தைத் துளை வழியே காண வேண்டும். வானம் இருக்க வேண்டிய இடத்தில் வண்ணம் தீட்டாமல் மெருகேற்றிய வெள்ளியைப் பதித்திருந்தார். ஆகவே உண்மையான மேகங்கள் அதில் நிழலாடிச் சென்றன. ஓவியம் எது, மண்டபம் எது என்று மயங்கும்படி இருந்ததாக அவருடைய வரலாற்றை எழுதிய மனெட்டி குறிப்பிடுகிறார். அந்தப் பலகை இன்று இல்லை. ஆயினும் தொலைவு செல்லச் செல்லப் பொருள்கள் சிறுத்து, இணைகோடுகள் ஒரு புள்ளியில் கூடுமாறு வரையும் முறைக்கு அதுவே முதற்சான்றாகப் போற்றப்படுகிறது. 1435-ஆம் ஆண்டில் ஆல்பர்ட்டி என்பார் அம்முறையை நூலாகவே எழுதி வைத்தார்.

அந்தத் துளையின் நோக்கம் என்ன என்று நாம் சிந்திக்க வேண்டும். பார்ப்பவர் ஒரு கண்ணால் மட்டுமே பார்க்க வேண்டும். அக்கண்ணும் ஓவியர் குறித்த இடத்திலேயே இருக்க வேண்டும். கண் சிறிது விலகினாலும் மாயம் கலைந்துவிடும் என்பதைப் புரூனலெஸ்கி நன்கறிந்திருந்தார். ஆதலால் பார்ப்பவருடைய கண்ணைத் துளையிலே கட்டிப் போட்டார்.

இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து உரோமாபுரியில் இதே செய்தி இன்னும் பெரிதாக வெளிப்பட்டது. அங்குள்ள புனித இக்னேசியஸ் ஆலயத்தில் கட்டத் திட்டமிட்டிருந்த குவிமாடம் கட்டப்படாமலே நின்றுபோயிற்று. ஆந்திரேயா போட்சோ என்னும் துறவி ஓவியர், 1685-ஆம் ஆண்டில், குவிமாடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டையான துணியில் குவிமாடம் போன்ற ஓவியத்தைத் தீட்டி அமைத்தார். பின்னர் ஆலயத்தின் நீண்ட கூரை முழுவதையும் வானளாவ உயர்ந்து செல்லும் தூண்களாகவும் வளைவுகளாகவும் மாற்றினார். கீழே தரையில் ஒரு சலவைக்கல் வட்டம் பதிக்கப்பட்டுள்ளது. அவ்வட்டத்தின் மேல் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரையே இல்லாமல் விண்ணகம் திறந்ததுபோல் தோன்றும். வட்டத்தை விட்டுப் பத்தடி நடந்தால் தூண்கள் சாய்கின்றன, விண்ணகம் சரிகிறது. குவிமாடத்துக்கென வேறொரு வட்டம் தனியே உண்டு.

அக்காலத்துப் படங்கள் எல்லாம் பார்ப்பவரை நோக்கி, 'இங்கே வந்து நில்' என்று ஆணையிட்டன. பார்ப்பவர் பணிந்து நின்றார். படத்துக்கு ஓரிடம், பார்வைக்கும் ஓரிடம்.

அடுத்த பெரும் அடி 1838-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எடுத்து வைக்கப்பட்டது. நம் இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைக் காண்கின்றன என்பதையும், அவ்விரண்டையும் மூளை ஒன்றாக்கும்போது ஆழம் புலப்படுகிறது என்பதையும் சார்லஸ் வீட்ஸ்டன் எடுத்துக்காட்டினார். வலக்கண்ணுக்கு ஒரு படம், இடக்கண்ணுக்கு ஒரு படம் எனத் தனித்தனியே காட்டும் கருவியை நிலைக்கண்ணாடிகளைக் கொண்டு அமைத்து, அதற்கு ஸ்டீரியாஸ்கோப் என்று பெயரிட்டார். 1849-இல் டேவிட் புரூஸ்டர் அதனை வில்லைகள் கொண்ட சிறு பெட்டியாகச் சுருக்கினார். 1851-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் விக்டோரியா அரசியாரின் கவனத்தை அது ஈர்த்தது. பிறகு அக்கருவி வீடுதோறும் பரவத் தொடங்கிற்று.

இப்பரவலில் நாம் மறக்கலாகாத ஒருவர் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். 1861-ஆம் ஆண்டில் அவர் மரத்தாலான, கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய, மிக மலிவான கருவி ஒன்றை வடிவமைத்தார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று விட்டுவிட்டார். செலவு குறைந்ததும் எளிய குடும்பத்தினரும் தம் வீட்டிலிருந்தபடியே தொலைநாடுகளைக் கண்டு களித்தனர். ஓர் அரிய கண்டுபிடிப்பு மக்களைச் சென்றடைய அறிவு மட்டும் போதாது, மலிவும் வேண்டும் என்னும் பாடம் இங்கேயே தொடங்குகிறது.

இவ்வலை தமிழகத்தையும் தொட்டது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், 1858-ஆம் ஆண்டளவில் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் காட்சிகளை இத்தகைய இரட்டைப் படங்களாகவும் எடுத்துவைத்தார். கல்லும் கோபுரமும் கருவிக்குள் திரண்டு நிற்கக் கண்டவர்கள் அன்று எவ்வளவு வியந்திருப்பர்!

ஆயினும் இரட்டைப் படத்துக்கும் ஒரு குறை உண்டு. அதில் தூண் திரண்டு நிற்கும். ஆனால் நாம் தலையைச் சாய்த்தால் தூணின் பின்புறம் தெரிவதில்லை. புகைப்படக் கருவி அன்று எங்கே நின்றதோ, அங்கேயே நாமும் என்றென்றும் நிற்க வேண்டும். போட்சோவின் சலவைக்கல் வட்டம் மறையவில்லை. வில்லைப் பெட்டிக்குள் புகுந்துகொண்டது, அவ்வளவே. இக்குறை திரைப்படத்துக்கும் வந்து சேர்ந்தது. 1984-ஆம் ஆண்டில் கேரளத்தில் உருவான 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படம். அதனைத் தனிக்கண்ணாடி அணிந்து பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பர். திரையிலிருந்து நீண்டுவரும் பொருளைப் பிடிக்கக் குழந்தைகள் கைநீட்டினர். அப்பொருளின் பக்கவாட்டைக் காண எண்ணி ஒருவர் இருக்கையில் நகர்ந்து உட்கார்ந்தால், அப்பொருளும் அவர் பக்கமே திரும்பிக்கொண்டதுபோல் இருந்ததேயன்றிப் பக்கவாட்டுத் தெரியவில்லை.

இரு கண்களையும் நம்பிய இம்முறை, ஒரு கண்ணே உடையவர்களையும், மாறுகண் முதலிய காரணங்களால் இரு காட்சிகளை ஒன்றாக்க இயலாதவர்களையும் வெளியே நிறுத்திவிட்டது. 1953-ஆம் ஆண்டில் ஹாலிவுட்டில் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்' என்னும் முப்பரிமாணப் படத்தை இயக்கிய ஆந்த்ரே டி டாத் ஒரு கண் பார்வையை இழந்தவர். தாம் இயக்கிய படத்தின் ஆழத்தை அவரால் காண முடியவில்லை. ஆனால் தெருவில் நடக்கவும் பொருள்களின் தொலைவை மதிப்பிடவும் அத்தகையோர் நம்மைப்போலவே வல்லவர்களாக இருக்கின்றனர். எவ்வாறு? தலையசைவாலும் நடையாலும்தான்.

செருமானிய அறிவியலார் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதனை 1867-ஆம் ஆண்டில் நிறைவுற்ற தம் ஒளியியல் நூலில் தெளிவாக எழுதியிருக்கிறார். அடர்ந்த காட்டில் ஒருவர் அசையாமல் நின்றால் இலைகளும் கிளைகளும் குழம்பிக் கிடக்கும். அவர் நகரத் தொடங்கியதுமே அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகித் தத்தம் இடத்தில் நிற்கும் என்பது அவருடைய கருத்து. சத்புரா மலைக்காட்டில் நாம் வண்டியிலிருந்து கண்டது இதுவேயன்றோ? ஆனால் அதனைப் படத்துக்குள் கொண்டுவர அன்று வழியில்லை. நாம் நகரும்போதெல்லாம் படம் புதிதாக வரையப்பட வேண்டும். ஒரு நொடிக்குப் பலமுறை வரையும் ஓவியர் எங்கே கிடைப்பார்?

அவ்வோவியர் கணிப்பொறி வடிவில் கிடைத்தார். அமெரிக்கரான ஐவன் சதர்லண்ட், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வின் முடிவுகளை 1968-ஆம் ஆண்டு டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கணிப்பொறியாளர் மாநாட்டில் வெளியிட்டார். அவருடைய கருவியில் இரு சிறிய படக்குழாய்கள் தலையில் மாட்டப்பட்டன. கூரையிலிருந்து தொங்கிய ஓர் இயந்திரக்கை தலையோடு பிணைக்கப்பட்டு, அதன் இருப்பிடத்தையும் திசையையும் கணிப்பொறிக்கு இடைவிடாமல் அறிவித்தது. தலைக்குமேல் தொங்கிய அந்த அமைப்பைக் கண்டு, பழைய கிரேக்கக் கதையில் வரும் டேமோகிளிஸின் வாள் என்று அதனை அழைத்தனர். பார்ப்பவர் ஏறத்தாழ 6 அடி விட்டமும் 3 அடி உயரமும் உள்ள இடைவெளிக்குள் நடமாடலாம். வெறுங்கோடுகளால் ஆன ஒரு கனசதுரம் அவர்முன் வெளியில் மிதந்தது. அவர் சுற்றி நடந்தால் அதன் மறுபக்கம் தெரிந்தது.

சதர்லண்ட் கண்ட முடிவு எண்ணத்தக்கது. இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டுவது தேவையே. ஆயினும் தலை அசையும்போது படம் சரியாக மாறுவதே அதனினும் தேவையானது என்று அவர் எழுதினார். ஹெல்ம்ஹோல்ட்ஸின் காட்டுக் காட்சி நூறு ஆண்டுகளுக்குப் பிறகு கருவியாக உருப்பெற்றது. மனித வரலாற்றில் முதன்முறையாகப் படம் பார்ப்பவருக்கு ஆணையிடாமல், பார்ப்பவர் நின்ற இடத்தைக் கேட்டறிந்து பணிந்தது.

இப்பணிவு எவ்வாறு இயல்கிறது என்பதை எளிதாக விளக்கலாம். வீட்டுச் சாளரத்தின் சட்டத்தை எண்ணிக்கொள்வோம். நம் கண்ணிலிருந்து சட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் நான்கு நூல்களைக் கட்டி, அவற்றை வெளியே நீட்டிக்கொண்டே போனால், அந்நூல்களுக்குள் அடங்கும் பகுதியே நமக்குத் தெரியும் உலகம். நாம் வலப்பக்கம் நகர்ந்தால் நூல்கள் சாய்ந்து, வெளியே இடப்பக்கத்தில் உள்ளவை மிகுதியாகத் தெரியும். அருகே சென்றால் நூல்கள் விரிந்து, உலகம் அகலமாகத் தெரியும். திரையையே சட்டமாகக் கொண்டு, கண்ணின் இருப்பிடத்தை அறிந்து, இந்நான்கு நூல்களையும் ஒவ்வொரு கணமும் புதிதாகக் கட்டிப் படம் வரைவதே கணிப்பொறியின் வேலை. கணக்குக் கடினமன்று. கண் எங்கே உள்ளது என்பதை விரைவாகவும் மலிவாகவும் அறிவதுதான் கடினம்.

அதனாலேயே அடுத்த பல ஆண்டுகள் இக்கலை செல்வமிக்க ஆய்வுக்கூடங்களை விட்டு வெளியேறவில்லை. 1992-ஆம் ஆண்டில் சிகாகோவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் 'குகை' என்று பொருள்படும் பெயரில் ஓர் அறையைக் காட்சிக்கு வைத்தனர். ஏறத்தாழ 10 அடிச் சுவர்களே திரைகளாயின. நடுவே நிற்பவரின் தலையசைவுக்கேற்பக் காட்சி மாறியது. அரசாங்கமும் பெருநிறுவனமும் மட்டுமே வாங்கத்தக்க விலை அது.

மறு ஆண்டில், 1993-இல், கனடா நாட்டில் காலின் வேர், கெவின் ஆர்தர், கெல்லாக் பூத் ஆகிய மூவர் ஓர் எளிய வழியைக் காட்டினர். தலையில் எதையும் கவிழ்க்க வேண்டாம், அறை முழுவதும் திரை வேண்டாம், மேசைமேல் உள்ள சாதாரணக் கணிப்பொறித் திரையே போதும் என்றனர் அவர்கள். கண்ணாடித் தொட்டிக்குள் மீனைப் பார்ப்பதுபோல் திரைக்குள் உலகைப் பார்ப்பதால், இதற்கு 'மீன்தொட்டி' முறை என்று பெயரிட்டனர். பின்னிப் பிணைந்த இரு மரங்களின் வடிவத்தைத் திரையில் காட்டி, குறித்த இலை எந்த மரத்தின் வேரோடு சேர்கிறது என்று கண்டுபிடிக்கச் செய்தனர். வெறும் தட்டைப் படத்தில் நூற்றுக்கு 22 முறை பிழை நேர்ந்தது. இரு கண்களுக்கும் தனிப்படம் காட்டியபோது பிழை 14.7 ஆகக் குறைந்தது. தனிப்படம் இல்லாமல், தலையசைவுக்கேற்பப் படம் மாறுமாறு மட்டும் செய்தபோது 3.2 ஆயிற்று. இரண்டையும் சேர்த்தபோது 1.3 ஆயிற்று. அசைவே பெரிது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் கூறியதற்கும் சதர்லண்ட் கண்டதற்கும் இவ்வெண்கள் உறுதியான சான்றாயின.

அறிவு இருந்தது, மெய்ப்பிக்கப்பட்டும் இருந்தது. இல்லாதது மலிவு ஒன்றே. அது வந்த வழி எதிர்பாராதது.

2006-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'வீ' என்னும் விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கைப்பிடியின் முனையில் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் காணும் சிறு ஒளிப்படக் கருவி ஒன்று உண்டு. தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்த இரு ஒளிப்புள்ளிகளை அது பார்த்து, விளையாடுபவரின் கை எத்திசையை நோக்குகிறது என்று கணித்தது. ஒரே சமயத்தில் நான்கு புள்ளிகள்வரை நொடிக்கு 100 முறை கண்டறியும் ஆற்றல் அதற்கு இருந்தது. கைப்பிடியின் விலையோ ஏறத்தாழ 40 டாலர்.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜானி சங் லீ, இவ்வமைப்பைத் தலைகீழாகத் திருப்பினார். கையில் பிடிக்க வேண்டிய ஒளிப்படக் கருவியைத் திரைக்கு அருகே அசையாமல் வைத்தார். திரைமேல் இருக்க வேண்டிய ஒளிப்புள்ளிகளைத் தம் தலைக்கு மாற்றினார். தொழிலாளர் அணியும் பாதுகாப்புக் கண்ணாடியின் இருபுறமும் இரு சிறு அகச்சிவப்பு விளக்குகளைப் பொருத்திக்கொண்டார், வேறொன்றும் தேவைப்படவில்லை. இரு புள்ளிகளின் நடுவிடம் தலை வலப்புறமா இடப்புறமா, மேலா கீழா என்பதைச் சொல்லிற்று. தலை பின்னே சென்றால் இரு புள்ளிகளும் நெருங்கித் தோன்றும், முன்னே வந்தால் விலகித் தோன்றும். அதிலிருந்து தொலைவு கிடைத்தது. கூரையிலிருந்து தொங்கிய சதர்லண்டின் இயந்திரக்கை செய்த வேலையைச் சிறுவர் விளையாட்டுப் பொருள் செய்து முடித்தது.

2007-ஆம் ஆண்டு டிசம்பரில் லீ இதனை ஒரு காட்சிப்படமாக வெளியிட்டார். பார்ப்பவரின் தலை இருக்குமிடத்தில் ஒளிப்படக் கருவியை வைத்து அவர் நகர்ந்தபோது, தட்டையான தொலைக்காட்சியிலிருந்து வட்டப் பலகைகள் வெளியே நீண்டு நிற்பதை உலகெங்கும் பல இலட்சம் மக்கள் கண்டு வியந்தனர். அதற்கான நிரலையும் அவர் இலவசமாகவே அளித்தார். மரக்கருவிக்கு உரிமை கோராத ஹோம்ஸ் மருத்துவரின் மரபு நூற்று நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் தழைத்தது எனலாம். மாணவர்கள் தத்தம் அறைகளிலேயே இதனைச் செய்து பார்க்கத் தொடங்கினர்.

அடுத்து, அந்த விளக்குக் கண்ணாடியும் வேண்டாதாயிற்று. பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் ஆகிய இருவர் 2001-ஆம் ஆண்டிலேயே, ஒரு படத்தில் மனித முகம் எங்கே உள்ளது என்பதைச் சாதாரணக் கணிப்பொறி நொடிக்கு 15 படங்கள் வீதம் கண்டறியும் முறையை வகுத்திருந்தனர். கணிப்பொறிகளோடு சிறு ஒளிப்படக் கருவிகள் இணைந்து வரத் தொடங்கியதும், முகமே ஒளிப்புள்ளிக்குப் பதிலாயிற்று. 2010-ஆம் ஆண்டில் நின்டெண்டோ நிறுவனத்தின் கையடக்கக் கருவிக்கு வந்த ஒரு விளையாட்டு, ஆடுபவரின் முகத்தைத் தன் ஒளிப்படக் கருவியால் பார்த்துக் காட்சியைச் சாய்த்துக் காட்டிற்று.

இவ்வளவு நெருங்கி வந்தும் வெற்றி எளிதாகக் கிட்டவில்லை. 2014-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் வெளியிட்ட கைப்பேசியில் முகத்தைத் தொடர்வதற்கென்றே நான்கு மூலைகளிலும் நான்கு ஒளிப்படக் கருவிகள் இருந்தன. பிடிக்கும் விரல்கள் சிலவற்றை மறைத்தாலும் மற்றவை பார்க்கும் என்பது ஏற்பாடு. ஆனால் அதனை வாங்குவோர் மிகச் சிலரே. அவ்வாண்டிலேயே 17 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் எழுதிய அந்நிறுவனம், மறு ஆண்டில் அக்கைப்பேசியை நிறுத்திவிட்டது. ஆழம் தோன்றுவது வியப்புக்குரியதே. ஆனால் கடிதம் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் ஆழம் எதற்கு என்னும் கேள்விக்கு அக்கருவியிடம் விடை இல்லை.

வேறொரு தடையும் உண்டு. தலையசைவு ஆழத்தைச் சொன்னாலும், நம் இரு கண்களும் ஒரே தட்டைப் படத்தையே காண்பதால், 'இது தட்டை' என்று மூளைக்கு மறுப்பும் தெரிவிக்கின்றன. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் மாயம் வலுப்பெறுகிறது. 2018-ஆம் ஆண்டில் முகத்தை முப்பரிமாணத்தில் அளக்கும் கைப்பேசியைக் கொண்டு இவ்வாறு ஒரு காட்சியை அமைத்தவர்களும் ஒற்றைக் கண்ணாலேயே பார்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. புரூனலெஸ்கியின் பருப்பளவுத் துளை நினைவுக்கு வருகிறது அன்றோ? இரு கண்களுக்கும் தனித்தனிப் படத்தை நுண்வில்லைகளால் அனுப்பி, கண்ணசைவையும் தொடரும் திரையைச் சோனி நிறுவனம் 2020-இல் வெளியிட்டது. கண்ணாடி அணியாமலே காணலாம்; ஆனால் 15.6 அங்குலத் திரைக்கு 5,000 டாலர் விலை. பின்வந்த ஆண்டுகளில் வேறு நிறுவனங்கள் அதனினும் குறைந்த விலையில் இத்தகைய திரைகளைக் கொண்டுவந்தன. ஆழத்தின் விலை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

தலையைத் தொடரும் முறை ஏன் மலிவாக அமைந்தது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. எங்கிருந்து யார் பார்த்தாலும் அவரவர்க்குரிய காட்சி தெரியுமாறு ஒரு படத்தை அமைக்கலாம் என்று பிரெஞ்சு அறிஞர் காப்ரியேல் லிப்மன் 1908-ஆம் ஆண்டிலேயே கூறினார். நுண்வில்லைகள் பலவற்றின் மூலம் எல்லாத் திசைகளிலும் எல்லாக் காட்சிகளையும் ஒருங்கே அனுப்ப வேண்டும் என்பது அவர் கருத்து. அது பெருவிருந்து போன்றது. வருவார் யாவர்க்கும் இலை போட்டுப் பரிமாற வேண்டும். தலையைத் தொடரும் முறையோ வந்திருப்பவர் ஒருவரே என்று எட்டிப் பார்த்து, அவருக்கு மட்டும் சோறு வடிப்பது. சிக்கனம் அங்கேதான் பிறக்கிறது. அச்சிக்கனத்தின் குறையும் அங்கேதான் பிறக்கிறது.

அக்குறையை நம் வாழ்விலிருந்தே விளக்கலாம். ஊரில் உள்ள பெற்றோரும் பாட்டியும் அக்கம்பக்கத்தாரும் ஒரே கைப்பேசியைச் சூழ்ந்து நெருக்கி நின்றுகொண்டு, மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நம் முகத்தைக் காண்பது இன்று அன்றாட நிகழ்ச்சி. நம் பேச்சில் பாதி, 'கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், பாட்டியும் பார்க்கட்டும்' என்பதாகவே கழிகிறது. தட்டையான படம் அத்தனை பேருக்கும் பொதுவானது. தலையைத் தொடரும் திரையோ நடுவே உள்ள ஒருவருடைய கண்ணுக்கே பணிபுரியும். ஓரத்தில் நிற்கும் பாட்டிக்குப் படம் கோணலாகவே தெரியும். அரசனைப் பணித்த படம், பின்னர் ஒருவருக்கு மட்டும் பணிந்த படம் ஆயிற்றே தவிர, குடும்பத்துக்குப் பணியும் படம் ஆகவில்லை.

மற்றொன்றும் நாம் கருத வேண்டும். நம் கண்ணைத் தொடரும் திரை நம்மையும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. போட்சோவின் கூரை யாரையும் கவனிக்கவில்லை. ஹோம்ஸின் மரக்கருவிக்குக் கண் இல்லை. திரையோ நாம் எதை உற்றுநோக்கினோம், எப்போது முகம் திருப்பினோம் என்பனவற்றை அறியத்தக்கது. அவ்வறிவு கருவிக்குள்ளேயே தங்கிவிடுகிறதா, வெளியே செல்கிறதா என்று வாங்குமுன் கேட்டறிவது குடும்பத் தலைவரின் கடமை. பணிவிடை செய்பவர் நம்மைக் கவனிக்கத்தான் வேண்டும். கவனித்ததை அடுத்த வீட்டில் சொல்லாதிருக்கவும் வேண்டும்.

குறைகளைச் சொன்னதால் பேற்றைக் குறைத்து மதிப்பிடலாகாது. உடற்கூறு கற்கும் மாணவர் எலும்பின் பின்னே செல்லும் நரம்பைத் தலைசாய்த்துக் காணலாம். கோயில் மண்டபத்துத் தூண்களின் அளவுகளை ஒருமுறை பதிவுசெய்து வைத்தால், ஊர்செல்ல இயலாதவர் தூணுக்குப் பின்னுள்ள சிற்பத்தை எட்டிப் பார்க்கலாம். ஒரு கண் இழந்தவரும் இங்கே ஆழத்தை இழப்பதில்லை; இரட்டைப் படம் வெளியே நிறுத்தியவரை இம்முறை உள்ளே அழைத்துக்கொண்டது. அறுநூறு ஆண்டுக்காலம் மனிதன் படத்தைத் தேடிச் சென்று அது சொன்ன இடத்தில் நின்றான். இப்போது படம் மனிதனைத் தேடி வருகிறது. அதுவும் செல்வர் மாளிகைக்கு மட்டுமன்றி மாணவரின் மேசைக்கும் வருகிறது.

மீண்டும் நாம் அந்தப் புகைவண்டிக்கே செல்வோம். ஒரு சன்னல், அதனருகே குழந்தை, எதிரே தாய், நடுவே முன்பின் அறியாத பயணி ஒருவர். மூவர் கண்ணுக்கும் மூன்று வெவ்வேறு காட்சிகளை அந்தச் சன்னல் ஒரே சமயத்தில் அளிக்கிறது. யார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று அது கேட்பதில்லை. யாரையும் நினைவில் வைத்துக்கொள்வதுமில்லை. திரையை ஆக்குவோர் தங்கள் முன் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் அதுவே. அடுத்தமுறை ஊர் செல்லும்போது சன்னலோரத்தில் அமர்ந்து தலையைச் சற்றே இருபுறமும் சாய்த்துப் பார்ப்போம். அறுநூறு ஆண்டுகளாக அறிஞர் பலர் தேடிய பொருள், பயணச் சீட்டின் விலைக்குள் அடங்கி, நம் எதிரே ஓடிக்கொண்டிருப்பதைக் காண்போம்.